திருவனந்தபுரமா, மைசூரா, வண்டலூரா? குடும்பத்தோடு ஜூ பார்க்கக் கிளம்பும் முன்

முழுப் பரீட்சை முடிந்ததும் வீட்டுக்கு வீடு எழும் பேச்சு இது. பிள்ளைகளுக்கு ஜூ பார்க்க வேண்டும். பாட்டிக்கு, போகிற ஊரில் ஒரு கோயிலாவது இருக்க வேண்டும். அப்பாவுக்கு இரண்டு நாளுக்கு மேல் லீவு கிடைக்காது. அம்மாவுக்கு எங்கே போனாலும் சரி, அந்த இரண்டு நாளும் அடுப்படிப் பக்கம் போகக்கூடாது. நாகர்கோவில், திருநெல்வேலி வீடுகளில் இந்தப் பேச்சு திருவனந்தபுரமா வண்டலூரா என்பதில் வந்து நிற்கும். கோவை, ஈரோடு பக்கம் மைசூர் பெயர்தான் முதலில் வரும். மதுரைக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். மூன்றுமே ஓர் இரவு ரயிலில் எட்டிவிடும் தூரம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் கலந்து போகும் குடும்பத்துக்குத் திருவனந்தபுரம்தான். மிருகங்களின் எண்ணிக்கையில் அது மைசூரையும் வண்டலூரையும் எட்டாது. ஆனாலும் அதையே சொல்கிறேன். எல்லாருக்கும் அது பொருந்தாது என்பதும் உண்மை, அதனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து முடிவு செய்வது

"எங்கே மிருகம் அதிகம்?" என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. அதை நான் மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன்.

முதல் இடம் காலுக்கு. கூட வருபவர்களில் யாருக்கு முதலில் கால் வலிக்கும்? ஐந்து வயதுப் பிள்ளையோ முட்டிவலிக்காரப் பெரியவரோ எவ்வளவு தூரம் நடப்பார்களோ, அவ்வளவுதான் உங்கள் எல்லாருக்கும் ஜூ. அதற்கு மேல் பார்க்க வேண்டுமானால் பேட்டரி வண்டிக்கு வரிசையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையைத் தோளில் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது, ஜூவை விட்டால் பக்கத்தில் என்ன இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளைகள் "போதும்ப்பா" என்று உட்கார்ந்துவிட்டால், அதற்கப்புறம் எங்கே போவது? மழை பிடித்தால் எங்கே ஒதுங்குவது?

மூன்றாவதுதான் மிருகம். அதிலும் மொத்தக் கணக்கு முக்கியமில்லை. உங்கள் பிள்ளை எந்த மிருகத்தின் பெயரைச் சொல்லி அடம்பிடிக்கிறது என்பதைக் கேளுங்கள். ஒட்டகச்சிவிங்கி என்று சொன்னால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

நான்காவது, டிக்கெட்டில் அச்சடிக்காத செலவு. ஆட்டோ, அறை வாடகை, பேட்டரி வண்டி, கேமராக் கட்டணம், வாசலில் பிடுங்கிக்கொள்ளும் பிளாஸ்டிக் பொட்டலங்கள். ஜூ நுழைவுச்சீட்டு மொத்தச் செலவில் சின்னத் தொகைதான். ஆனால் வீட்டில் சண்டை வருவது அதைப் பற்றித்தான்.

ஐந்தாவது கிழமை. ஒன்று திங்களன்று மூடும், மற்ற இரண்டும் செவ்வாயன்று மூடும். இதைப் பார்க்காமல் ரயில் டிக்கெட் எடுத்துப் பூட்டிய கேட்டோடு போட்டோ எடுத்துத் திரும்பியவர்கள் ஊருக்கு நான்கு பேர் உண்டு.

## மூன்றும் வந்த வழி

வரலாறு எதற்கு என்று தாண்டிப் போகாதீர்கள். இன்று நீங்கள் எவ்வளவு நடக்கப்போகிறீர்கள் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

மூன்றில் மூத்தது சென்னை. 1855-ல் அரசு அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்டு பால்ஃபர், உயிருள்ள மிருகங்களை வைத்தால் கூட்டம் கூடுகிறது என்று கண்டுகொண்டு, ஆற்காட்டு நவாபிடமிருந்து அவருடைய மிருகங்களைக் கேட்டு வாங்கினார். எழும்பூர் மியூசிய வளாகத்தில் தொடங்கிய அந்த ஜூ, 1861-ல் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. இன்றைக்கு ரிப்பன் மாளிகையும் நேரு விளையாட்டரங்கமும் இருக்கும் வட்டாரம் அது. நூற்றிருபது ஆண்டுக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டு, நகரம் நெருக்கவே, 1985-ல் வண்டலூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. மியூசியம் எழும்பூரில் நின்றுவிட்டது, பார்க் கட்டடங்களுக்கு அடியில் போய்விட்டது, ஜூ முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

திருவனந்தபுரத்திலும் கதை அதே மாதிரிதான் தொடங்கியது. 1857-ல் மியூசியம் திறந்தார்கள். அது மட்டும் ஜனங்களை இழுக்கவில்லை. 1859-ல் பக்கத்திலேயே பூங்காவும் ஜூவும் வந்தன. சென்னையைப் போல அவை பிரிந்து போகவில்லை என்பதுதான் வித்தியாசம். மியூசியம், பூங்கா, ஜூ மூன்றும் இன்றும் ஒரே வளாகத்தில், நகரத்தின் நடுவில் இருக்கின்றன.

மைசூர் ராஜா வீட்டு ஜூ. சாமராஜேந்திர உடையார் 1892-ல் தொடங்கியது. அரண்மனை ஜூ என்றுதான் அப்போது பெயர். பத்துச் சொச்ச ஏக்கரில் ஆரம்பித்து விரிந்துகொண்டே போனது. மன்னராட்சி முடிந்தபின் 1948-ல் அரசுத் துறையின் கைக்கு வந்தது. பணம் போட்டு ஆசையாக வளர்த்த இடம் என்பது இன்றைக்கும் தெரியும்.

| | திருவனந்தபுரம் | மைசூர் | வண்டலூர் |
|---|---|---|---|
| தொடக்கம் | 1857 மியூசியம், 1859 ஜூ | 1892 | 1855 சென்னையில், 1985 முதல் வண்டலூரில் |
| பரப்பு | வளாகம் முழுவதும் சுமார் 55 ஏக்கர் | சுமார் 157 ஏக்கர் | சுமார் 1,265 ஏக்கர் |
| விடுமுறை | திங்கள் | செவ்வாய் | செவ்வாய் |
| நடை | குறைவு, ஆனால் ஏற்ற இறக்கம் | நீளம், ஒருவழிப் பாதை | மிக நீளம், வண்டி தேவைப்படும் |
| பெரிய பலம் | மியூசியம், ஓவியக்கூடம், நிழல் | ஆப்பிரிக்க மிருகங்கள், கொரில்லா | காட்டுச் சூழல், சஃபாரி |
| பெரிய பலவீனம் | மிருக வகை குறைவு | தமிழ்நாட்டிலிருந்து வழியும் தங்கலும் | வெயில், தூரம் |
| தேவைப்படும் நேரம் | ஜூ மட்டும் என்றால் அரைநாள் | முழுக் காலையும் மதியம் வரையும் | முழு நாள் |

## திருவனந்தபுரம்: மிருகத்தை விட இடம் பெரிது

தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால், போக்குவரத்து கனிந்தால், பதினைந்து நிமிடத்தில் மியூசியம் சந்திப்பு. கேட்டுக்குள் நுழைய டிக்கெட் இல்லை. தோட்டம் எல்லாருக்கும் பொது. அதிகாலையில் போனால் நகரத்தில் பாதிப்பேர் அங்கே வட்டமடித்து நடந்துகொண்டிருப்பார்கள், வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து சிங்கத்தின் உறுமல் கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அவர்களுக்கு அது பழகிய சத்தம்.

தோட்டத்தின் நடுவில் இருப்பது நேப்பியர் மியூசியம். முதலில் இருந்த கட்டடத்தை 1874-ல் இடித்துவிட்டு, ராபர்ட் சிஸம் வரைந்து கொடுத்த படத்தின்படி கட்டத் தொடங்கி 1880-ல் முடித்தார்கள். சென்னையில் மாநிலக் கல்லூரியையும் பல்கலைக்கழக செனட் ஹவுஸையும் வடிவமைத்த அதே சிஸம்தான். மெட்ராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெளியே கேரளத்துக் கோயில் கூரை மாதிரி முக்கோண முகப்புகள், செங்கல் வண்ணம். உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்க மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம் என்று பட்டை பட்டையாகச் சாயம் பூசியிருப்பார்கள். முதல் பார்வைக்குக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் நின்றால், வெளியே அடிக்கும் புழுக்கம் உள்ளே இல்லை என்பது உறைக்கும். காற்று தானாக ஓடும்படி கட்டிய கட்டடம் அது. வெண்கலச் சிலைகள், தந்தச் செதுக்கு வேலை, ஒரு மரத் தேர் எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகள் தேரை மட்டும் பார்ப்பார்கள். அதுவும் சரிதான்.

அதே வளாகத்தில் 1935-ல் திறந்த ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம் இருக்கிறது. ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களுக்கு என்றே இப்போது தனிக் கூடமும் வந்துவிட்டது. காலண்டரிலும் தீப்பெட்டியிலும் பார்த்த முகங்களின் மூலத்தைப் பார்க்கும்போது, ஜூவுக்கு வரமாட்டேன் என்று முறைத்துக்கொண்டு வந்த பெரியவர்கள்தான் நகர மறுப்பார்கள். இதைத்தான் இந்த ஊரின் பெரிய வசதி என்பேன்: குடும்பத்தை இரண்டாகப் பிரித்து விடலாம். பாதிப்பேர் ஜூவுக்குள், பாதிப்பேர் ஓவியக்கூடத்தில், அப்புறம் மரத்தடியில் சந்திப்பு. வண்டலூரில் இப்படிப் பிரிந்தால் ஒருவரையொருவர் தேடவே ஒரு மணிநேரம் ஆகும்.

சரி, ஜூ எப்படி? பழைய ஜூ. மரங்கள் வயதானவை, நிழல் தாராளம், நடுவில் ஏரி. நீர்யானைக் குளத்தின் முன்னால் பொறுமையாக நில்லுங்கள். முதலில் சேற்றுத் தண்ணீரில் இரண்டு காதும் இரண்டு கண்ணும் மட்டும் தெரியும். காது படபடவென்று தண்ணீரை உதறும். பிள்ளைகள் "எங்கே, எங்கே" என்று தேடிக்கொண்டிருக்கும்போதே முழுத்தலையும் எழும்பி வாயைப் பிளக்கும். புலி, சிங்கம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கு உண்டு. 2014-ல் இலங்கையின் தெகிவளை ஜூவிலிருந்து பச்சை அனகோண்டாக்கள் வந்து கொஞ்சகாலம் ஊரே அதைப் பார்க்கத் திரண்டது.

2023-ல் இன்னொரு கூத்து. திருப்பதியிலிருந்து கொண்டுவந்த ஹனுமான் குரங்கு ஒன்று கூட்டைத் திறந்து பழக்கிப் பார்க்கும்போதே மரமேறித் தப்பியது. நகர நடுவில் மரத்துக்கு மரம் தாவி ஏறக்குறைய மூன்று வாரம் உலா வந்தது. ஜூ ஊழியர்கள் தினமும் அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் போனார்கள். நகரத்துக்கு நடுவே ஜூ இருந்தால் இப்படியும் நடக்கும்.

### சொல்லாத செலவுகள்

நுழைவுக் கட்டணம் மூன்றிலும் இங்கேதான் குறைவு. ஆனால் ஜூவுக்கு ஒரு டிக்கெட், மியூசியத்துக்கு ஒன்று, ஓவியக்கூடத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்க வேண்டும். ஆறு பேர் போனால் கவுண்டருக்குக் கவுண்டர் நிற்பதிலேயே அரைமணி போகும்.

கிழமைக் கணக்கு கொஞ்சம் குழப்பம். திங்களன்று ஜூவும் மியூசியமும் இரண்டும் மூடியிருக்கும். புதன்கிழமை காலையில் மியூசியம் திறக்காது, மதியத்துக்கு மேல்தான். அதனால் புதனன்று போனால் முதலில் ஜூ, அப்புறம் மியூசியம்.

தரை சமதளம் இல்லை. ஜூவின் பாதைகள் மேடும் சரிவுமாக இருக்கும். தூரம் குறைவுதான், ஆனால் முட்டிவலிக்காரருக்கு இறக்கம்தான் எதிரி. ஏறி இறங்கத் தயங்குபவரைத் தோட்டத்துப் பெஞ்சிலோ ஓவியக்கூடத்திலோ விட்டுவிடுவது நல்லது.

பத்மநாபசாமி கோயிலையும் சேர்த்துத் திட்டமிட்டால் கோயிலை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு முன்பே நடை சாத்திவிடுவார்கள். ஆண்கள் வேட்டி கட்டித்தான் உள்ளே போக முடியும், பேன்ட்டோடு முடியாது. வேட்டியைப் பையில் எடுத்துப்போனால் வாசல் கடையில் வாங்கும் செலவு மிச்சம். கோயிலிலிருந்து ஜூ நான்கு கிலோமீட்டருக்குள்தான்.

மழை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் இந்த ஊரை விடாது. ஏப்ரல், மே மாதத்திலும் சாயங்கால மழை சகஜம். குடை எடுக்காமல் போகாதீர்கள். இரண்டு தேதிகளையும் தவிர்க்க வேண்டும்: மாசி மாத ஆற்றுக்கால் பொங்கல் நாள், அப்புறம் ஹர்த்தால் அறிவித்த எந்த நாளும். முதலாவதில் நகரமே அடுப்பும் பானையுமாக நிரம்பியிருக்கும், ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. இரண்டாவதில் ஆட்டோ கிடைக்காது, சாப்பாட்டுக் கடையும் திறக்காது.

## மைசூர்: மிருகம் பார்க்கத்தான் வந்தோம் என்பவர்களுக்கு

ஜூ என்ற ஒன்றை மட்டும் வைத்து மார்க் போட்டால் மைசூருக்குத்தான் முதலிடம். ஒட்டகச்சிவிங்கி, ஆப்பிரிக்க யானை, காண்டாமிருகம், ஒராங்குட்டான் என்று படப்புத்தகத்தில் உள்ளவை வரிசையாக வரும். கொரில்லாவைப் பார்க்கத் தென்னிந்தியாவில் வேறு இடம் கிடையாது. போலோ என்ற கிழட்டுக் கொரில்லா 2014-ல் இறந்தபின் அந்த இடம் காலியாகக் கிடந்தது. 2021-ல் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்ற இரண்டு இளசுகள் வந்தன. பிள்ளை கொரில்லா என்று சொன்னால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், மைசூருக்கு டிக்கெட் எடுங்கள்.

பாதை ஒருவழி. உள்ளே போனால் சுற்றி மறுபக்கம்தான் வெளியே வர முடியும். சுமார் மூன்று கிலோமீட்டர் நடை. பராமரிப்பு நேர்த்தி, மரநிழல் உண்டு, கழிப்பறையும் குடிதண்ணீரும் வழியில் உண்டு. கடல் மட்டத்திலிருந்து எழுநூறு மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் என்பதால் மே மாதத்திலும் நம் ஊர் வெயில் இருக்காது. ஆனால் பாதி வழியில் பிள்ளை தூங்கிவிட்டால் தூக்கிக்கொண்டு மீதியைச் சுற்றித்தான் ஆக வேண்டும். காலை எட்டரைக்குத் திறக்கும்போதே போய்விடுவது உத்தமம். அந்த நேரத்தில்தான் மிருகங்களும் எழுந்து நடமாடும்.

பிளாஸ்டிக் விஷயத்தில் வாசலில் கறார். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் பாக்கெட் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். எவர்சில்வர் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துப் போனால் தொல்லை இல்லை.

ஜூவை ஒட்டியே காரஞ்சி ஏரி. அங்கே படகு, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, உள்ளே நடந்தபடியே பறவைகளைப் பார்க்கும் பெரிய கூண்டு. ஜூவிலேயே களைத்தவர்களுக்கு இது கூடுதல் சுமை. சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பாட்டிக்குச் சாமுண்டி மலை இருக்கிறது.

### சொல்லாத செலவுகள்

முதல் செலவு அறை. சென்னையிலிருந்து வந்தே பாரத்தில் போனால்கூட ஒரே நாளில் ஜூவை ஒழுங்காகப் பார்த்துத் திரும்ப முடியாது. காவேரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறிக் காலையில் இறங்கினால் ஓர் இரவு வாடகை மிச்சம். மதுரை, திண்டுக்கல்காரர்களுக்குத் தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தசராச் சமயத்தில் அறை வாடகை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது செலவு வழி. கோவை, ஈரோட்டிலிருந்து காரில் போகிறவர்கள் இதைத்தான் கணக்கில் சேர்ப்பதில்லை. சத்தியமங்கலம் வழியென்றால் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவுகள். பின்சீட்டில் பிள்ளைகள் வாந்தி எடுக்காமல் ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. புலிகள் காப்பகம் என்பதால் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை கார்களையும் விடுவதில்லை. கூடலூர், பந்திப்பூர் வழியிலும் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை சாலை அடைப்பு. "ராத்திரியோட ராத்திரியா வந்துடலாம்" என்ற திட்டம் இந்த இரண்டு வழியிலும் நடக்காது. ஊட்டி வழியாகப் போனால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கிழமையில் ஒரு சூட்சுமம் உண்டு. அரண்மனைக்கு ஞாயிறு சாயங்காலம் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகளைப் போடுவார்கள். அதைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிறு அங்கே இருக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜூவில் தலைகள்தான் தெரியும். செவ்வாய் ஜூ கிடையாது. ஆகவே ஞாயிறு மத்தியானம் போய்ச் சேர்ந்து, சாயங்காலம் அரண்மனை, திங்கள் காலை ஜூ, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிளம்பிவிடுவது. திங்கள் ஒருநாள் லீவு கிடைத்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

## வண்டலூர்: நடக்கத் தெம்பும் ஒரு முழு நாளும் இருந்தால்

வண்டலூரை ஜூ என்று நினைத்துப் போகாதீர்கள், காடு என்று நினைத்துப் போங்கள். திருவனந்தபுர வளாகத்தைப் போல இருபது மடங்குக்கு மேல் பரப்பு. பீப்பிள்ஸ் பார்க்கின் கம்பிக் கூண்டுகளை விட்டுவிட்டு, அகழி வெட்டித் திறந்தவெளியில் மிருகங்களை வைக்க வேண்டும் என்று திட்டமிட்டே உருவாக்கிய இடம். மிருகங்களுக்கு அது நல்லது. நமக்கு அதன் விலை என்னவென்றால், புலி மரத்தடியில் படுத்துவிட்டால் தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளிதான். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள்.

வெள்ளைப்புலி, சிங்கம், நீர்யானை, நீலகிரிக் கருமந்தி, நடந்து பார்க்கும் பறவைக்கூடம் எல்லாம் உண்டு. சிங்க சஃபாரிக்கும் மான் சஃபாரிக்கும் வண்டி விடுவார்கள். ஓட்டேரி ஏரியில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வலசைப் பறவைகள் இறங்கும். டிசம்பர், ஜனவரியில் போனால் எனக்கு மிருகங்களை விட அந்த ஏரிதான் பிடிக்கும். கூண்டு இல்லை, டிக்கெட் வாங்காமல் பறந்து வந்த விருந்தாளிகள். 2016 டிசம்பரில் வர்தா புயல் இங்கே ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. பழைய ஆள் யாராவது "முன்னே இன்னும் நிழலா இருக்கும்" என்று சொன்னால் அது வெறும் ஏக்கம் இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இங்கே இரண்டு சௌகரியம். பலகைகள் தமிழில் இருக்கும், பிள்ளைகளே படித்துக்கொள்வார்கள். அப்புறம், தென்மாவட்ட பஸ்கள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. நகரத்துக்குள் போகிறவர்கள் இதைச் சபிப்பார்கள். ஜூவுக்குப் போகிறவர்களுக்கோ வாசலிலேயே இறக்கிவிட்ட மாதிரி. ரயிலில் வந்தால் தாம்பரத்தில் இறங்கி, செங்கல்பட்டு மின்சார ரயிலில் பெருங்களத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன்.

### சொல்லாத செலவுகள்

2023-ல் பெரியவர்களுக்கான நுழைவுக் கட்டணத்தை 115 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்த்தினார்கள். அதோடு பேட்டரி வண்டி, சஃபாரி, கேமரா என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சீட்டு. நான்கு பேர் குடும்பம் இவை எல்லாம் எடுத்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். வண்டி வேண்டாம், நடக்கிறோம் என்பது காலை ஒன்பது மணிப் பேச்சு. பன்னிரண்டு மணிக்கு வண்டி வரிசையில் நீங்களும் நிற்பீர்கள். முதலிலேயே எடுத்துவிடுங்கள். வளர்ந்த பிள்ளைகள் என்றால் வாடகைச் சைக்கிள் இன்னும் நல்லது.

அக்னி நட்சத்திரத்தில் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நமக்கும் முடியாது, மிருகங்களும் எழுந்திருக்காது. காணும் பொங்கலன்று போவது தனி வீரம். மழை வந்தால் ஒதுங்க மியூசியமும் இல்லை, ஓவியக்கூடமும் இல்லை. ஜூ முடிந்தபின் பக்கத்தில் பார்ப்பதற்கு என்று ஒன்றும் பெரிதாக இல்லை, நெடுஞ்சாலைதான்.

## பட்டியலில் சேராதவை

சென்னையில் வேறு வேலையாக வந்து அரைநாள் மட்டும் மிச்சம் இருந்தால் வண்டலூர் வேண்டாம், கிண்டி சிறுவர் பூங்கா போதும். புதுப்பித்து 2024-ல் திறந்துவிட்டார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. அதுவும் செவ்வாய் விடுமுறை.

கோவைக்காரர்கள் "எங்க வ.உ.சி. பூங்காவிலேயே ஜூ இருந்ததே" என்பார்கள். இருந்தது. இடம் போதாது என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022-ல் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. சின்னப் பூங்காவுக்குள் இருந்த பல ஜூக்களுக்கு இதுதான் நேர்ந்தது. திருவனந்தபுரம் நகர நடுவில் தாக்குப்பிடித்திருப்பதே பெரிய விஷயம்.

## யாருக்கு எது

பாட்டி, தாத்தா, எட்டு வயதுக்குள் பிள்ளைகள், ஒரே நாள்: திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் போய் இரவு வீட்டில் சாப்பிடலாம். ஸ்டேஷன் பக்கத்தில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது, சுருள் சுருளாக மேலேறும் செங்கல் கோபுரம். ஜூவைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் சொல்லாத பிள்ளைகள் அந்தச் சரிவில் மேலே மேலே ஏறி மேஜை பிடித்ததைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்வார்கள்.

பத்து வயதுக்கு மேல், மிருகப் பைத்தியம், இரண்டு இரவு தங்கக் காசும் லீவும் உண்டு: மைசூர். இதில் இரண்டாவது பேச்சே இல்லை.

கல்லூரிப் பிள்ளைகள், நண்பர் கூட்டம், பறவை பார்ப்பவர்கள், சென்னையில் உறவினர் வீட்டில் தங்க இடம் உள்ளவர்கள்: வண்டலூர், அதுவும் மார்கழி, தை மாதத்தில்.

சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறார் என்றால் கணக்கு மாறும். திருவனந்தபுரத்தின் சரிவுகளில் தள்ளுவது கஷ்டம். வண்டலூரில் தூரம் கஷ்டம். மைசூரின் பாதை மூன்றிலும் கொஞ்சம் சமம், பேட்டரி வண்டியும் உண்டு. நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

முடிவு செய்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு ரயில் டிக்கெட் எடுக்கும்போது ஸ்டேஷன் பெயரைப் பார்த்து எடுங்கள். கொச்சுவேளி ஸ்டேஷனுக்கு 2024-ல் திருவனந்தபுரம் வடக்கு என்றும், நேமம் ஸ்டேஷனுக்குத் திருவனந்தபுரம் தெற்கு என்றும் பெயர் மாற்றிவிட்டார்கள். தம்பானூரில் இருப்பது திருவனந்தபுரம் சென்ட்ரல். ஜூவுக்குக் கிட்டே அதுதான். வடக்கில் இறங்கினால் ஆட்டோவுக்குக் கூடுதலாக அழ வேண்டிவரும்.